ஈ.ஆர். டயகிராம்: கோடு போட்டா போதுமா, முனையைப் பார்க்க வேண்டாமா?

டிஸ்கி: டேட்டாபேஸ் படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் சேர்த்தே எழுதியது. எங்க டிபார்ட்மெண்ட் மக்கள் யாராவது "என்னைத்தான் சொல்றானோ" என்று நினைத்தால், ஆமாம், உங்களைத்தான். என்னையும் சேர்த்து. :-)

செமஸ்டர் முடியப் பத்து நாள் இருக்கும்போது லேபில் ஒரு திருவிழா நடக்கும். மினி புராஜெக்ட் எல்லாம் முடிந்திருக்கும். லாகின் ஆகும், இன்சர்ட் ஆகும், டெலீட் ஆகும், ரிப்போர்ட் பிரிண்ட் கூட வரும். அப்போதுதான் யாருக்காவது ஞாபகம் வரும், "டேய், ஈ.ஆர். டயகிராம் வைக்கணுமேடா!" உடனே ஒரு சீனியர் ரெக்கார்டு நோட்டு பையிலிருந்து வெளியே வரும். ஹாஸ்பிடல் மேனேஜ்மெண்ட் சிஸ்டம். அதில் டாக்டர் இருந்த இடத்தில் டிரைவர், பேஷண்ட் இருந்த இடத்தில் பாசஞ்சர், வார்டு இருந்த இடத்தில் பஸ் என்று மாற்றினால் டிராவல்ஸ் புக்கிங் சிஸ்டம் தயார். ஸ்கேல், பென்சில், ஷார்ப்னர். கட்டம் நேராக இருந்தால் மார்க். டைமண்ட் கோணலாக இருந்தால் "ரீடிரா".

வீட்டைக் கட்டி, பால் காய்ச்சி, குடியேறி, ஒரு மழையும் ஒழுகி முடித்த பிறகு கொத்தனாரைக் கூப்பிட்டு பிளான் போடச் சொல்வது மாதிரி இது. இதில் இரண்டு கட்சி. ஒரு கட்சி, "படம் எல்லாம் சும்மா ரெக்கார்டுக்குத்தான் மச்சி, நிஜ வேலைக்கு எஸ்.க்யூ.எல். தெரிஞ்சா போதும்" என்கிறது. இன்னொரு கட்சி, "எதுக்கு வரையணும், ஒர்க்பெஞ்சில் ஒரு பட்டனை அமுக்கினா அதுவே வரைஞ்சு குடுக்குமே" என்கிறது. இரண்டு கட்சியுமே தப்பு என்பதுதான் என் சண்டை. டேபிள்களுக்கு நடுவில் போடுகிற கோடு அலங்காரம் கிடையாது. அந்தக் கோட்டின் முனையில் 1 போடுவதா N போடுவதா என்பதில் ஒருத்தருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருவதும் வராமல் போவதும் இருக்கிறது. மிகைப்படுத்தலாகத் தெரிந்தால் கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக. ஒரு டேபிள் என்றால் ஒரே வகையான விஷயங்களின் பட்டியல். ஆட்களுக்கு ஒன்று, ரேஷன் அட்டைகளுக்கு ஒன்று. ஒவ்வொரு வரிசைக்கும் அதை அடையாளம் காட்ட ஒரு எண், அது பிரைமரி கீ. ஆள் டேபிளில் "இவர் இந்த அட்டையைச் சேர்ந்தவர்" என்று அந்த அட்டையின் எண்ணை எழுதி வைத்தால் அது ஃபாரின் கீ. இந்தத் தொடர்பைத்தான் படத்தில் கோடாகப் போடுகிறோம். (கொசுறு: "ரிலேஷனல்" டேட்டாபேஸில் ரிலேஷன் என்ற சொல் இந்தக் கோட்டைக் குறிப்பதில்லை, டேபிளையே குறிக்கிறது. எட்கர் காட் 1970இல் கணிதத்திலிருந்து எடுத்துக்கொண்ட சொல். பாதி வகுப்பு வைவாவில் இதைத் தப்பாகச் சொல்லிவிட்டு வந்தது. நானும்தான்.)

கோட்டுக்கு இரண்டு முனை. ஒவ்வொரு முனையிலும் இரண்டு கேள்வி: அதிகபட்சம் எத்தனை? குறைந்தபட்சம் எத்தனை? ஆக ஒரு கோட்டுக்கு நாலு கேள்வி. இந்த நாலையும் வாய்விட்டுத் தமிழில் கேட்டுப் பதில் சொல்ல முடியவில்லை என்றால் நீங்கள் போட்டது கோடு இல்லை, கோலம்.

இப்போது ஆயிரம் ரூபாய்க்கு வருவோம்.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. குடும்பத் தலைவிக்கு மாதம் 1000 ரூபாய். முதல் கட்டத்திலேயே ஒரு கோடிக்கும் மேலானவர்களுக்குப் போனது. விதி ரொம்ப எளிமையானது: ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு பயனாளி. அதாவது அட்டை என்ற டேபிளுக்கும் பயனாளி என்ற டேபிளுக்கும் நடுவே போகிற கோட்டில் இரண்டு பக்கமும் 1. எங்கள் பக்கம் மாமியார், இரண்டு மருமகள்கள், பிள்ளைகள் எல்லாரும் ஒரே அட்டையில் இருக்கிற வீடுகள் உண்டு. கூட்டுக் குடும்பமாக இருந்தால் பெருமை என்று நினைத்து இருந்தவர்கள், அட்டையைப் பிரிக்க அலையாத சோம்பேறிகள், இரண்டு வகையும் உண்டு. அந்த வீட்டில் மூன்று பெண்கள், ஒரு அட்டை, ஒரே ஆயிரம். பக்கத்து வீட்டில் கல்யாணம் ஆனவுடன் பெயர் நீக்கிப் புது அட்டை வாங்கியவர்களுக்குத் தகுதி இருந்தால் தனித்தனி ஆயிரம். இரண்டு வீட்டுக்கும் வருமானம் ஒன்றுதான், அடுப்பு எண்ணிக்கை கூட ஒன்றுதான்.

நான் திட்டத்தைக் குறை சொல்லவில்லை. எங்கேயாவது ஒரு எல்லை போட்டுத்தான் ஆகவேண்டும், அட்டை என்பது கையில் இருக்கிற எல்லை. நான் சொல்வது வேறு. "குடும்பம்" என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்ற பெரிய கேள்விக்கு அந்தச் சின்ன 1 பதில் சொல்லிவிடுகிறது. எந்தப் பட்டிமன்றமும் வைக்காமல் சொல்லிவிடுகிறது. நாளைக்கு நம்மில் யாரோ ஒருத்தன்தான் இப்படி ஒரு கோட்டுக்கு முனை போடப் போகிறான். அவன் இன்றைக்கு டாக்டரை டிரைவராக்கிக் கொண்டிருக்கிறான்.

சரி, அதிகபட்சம் போகட்டும், குறைந்தபட்சத்துக்கு வாருங்கள். இதைத்தான் யாருமே வரைவதில்லை. காக்கைக்கால் முறையில் (குரோஸ் ஃபுட் என்பார்கள், ஒரு கோடு மூன்று விரலாகப் பிரிந்து நிற்கும்) முனைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டால் "இல்லாமலும் இருக்கலாம்" என்று அர்த்தம், ஒரு குறுக்குக் கோடு போட்டால் "கட்டாயம் ஒன்றாவது வேண்டும்" என்று அர்த்தம். செமஸ்டர் பேப்பரில் இந்த வட்டத்துக்கு மார்க் இல்லாததால் நாம் போடுவதில்லை. வெளியில் இதற்கு என்ன விலை என்று பாருங்கள். பான் கார்டு விண்ணப்பத்தில் தந்தை பெயர் கட்டாயமாக இருந்தது. தாய் மட்டுமே வளர்க்கிற பிள்ளை என்றால் தந்தை பெயர் தர வேண்டியதில்லை என்று விதி மாறி நடைமுறைக்கு வந்தது 2018 டிசம்பர் 5 அன்றுதான். அதுவரைக்கும் எத்தனை பேர் விட்டுவிட்டுப் போன ஒருத்தன் பெயரைக் கட்டாயத்துக்காக எழுதியிருப்பார்கள்? குறுக்குக் கோட்டை அழித்துவிட்டு வட்டம் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்தக் கோட்டை முதலில் போட்டபோது "தந்தை இல்லாத ஆள் உண்டா?" என்று ஒருத்தரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

இப்போது எங்க ஊர் கதை. வரதராஜன்பேட்டைக்காரன் எவனும் எப்போதாவது ஒரு ஆன்லைன் ஃபாரத்தோடு மல்லுக்கட்டியிருப்பான். காரணம் நாங்கள் இல்லை, மாவட்டம்.

1995 வரை நாங்கள் திருச்சி மாவட்டம். 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமானது, நாங்கள் அதில். 2001 ஜனவரியில் அரியலூர் தனியாகப் பிரிந்தது, நாங்கள் அதில். 2002இல் சிக்கனம் என்று சொல்லித் திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007 நவம்பர் 23 அன்று மறுபடி அரியலூர் பிறந்தது. இதற்கு நடுவில் யாரும் வீட்டை விட்டு நகரவில்லை. எங்கள் வீட்டிலேயே அம்மா பிறந்தது திருச்சி மாவட்டம். அக்கா 2001, அரியலூர். நான் 2004, பெரம்பலூர். தம்பி 2009, மறுபடி அரியலூர். எல்லாரும் பிறந்தது ஒரே ஊரில். இதை வைத்து வீட்டில் காமெடி செய்வோம், "நீ வெளி மாவட்டத்துக்காரன், எழுந்து தண்ணி எடுத்துட்டு வா" என்று.

காமெடி எல்லாம் ஃபாரம் நிரப்புகிற வரைக்கும்தான். என் பிறப்புச் சான்றிதழில் பெரம்பலூர், சாதிச் சான்றிதழில் அரியலூர். ஒரு இடத்தில் (எந்த இடம் என்று சொல்ல மாட்டேன்) உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது ஊர் பெயரைத் தேர்வு செய்தவுடன் மாவட்டம் தானாக "அரியலூர்" என்று வந்து நின்றுவிட்டது, மாற்ற வழியில்லை. அப்புறம் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்த்தவர் "ஏன் தம்பி மாத்திப் போட்டிருக்க?" என்றார். நான் எங்கே போட்டேன், அதுவே போட்டுக்கொண்டது. மூன்று முறை அலைந்து, கடைசியில் ஒரு விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்து முடிந்தது. அந்தக் கடிதத்தில் நான் எழுதியது ஏறக்குறைய மேலே இருக்கிற பத்திதான்.

தப்பு எங்கே? அந்த டேபிளை வடிவமைத்தவர் ஊருக்கும் மாவட்டத்துக்கும் நடுவே கோடு போட்டு, ஊர் பக்கம் N, மாவட்டம் பக்கம் 1 என்று வைத்திருக்கிறார். எந்த வாத்தியாரிடம் காட்டினாலும் சரி என்பார். பாடப் புத்தகமும் சரி என்னும். ஒரு ஊர் ஒரு மாவட்டத்தில்தானே இருக்க முடியும்? "இன்றைக்கு" என்று ஒரு வார்த்தை சேர்த்தால் சரி. சேர்க்காவிட்டால் தப்பு. காலத்தையும் கணக்கில் எடுத்தால் ஒரு ஊர் பல மாவட்டம், ஒரு மாவட்டம் பல ஊர். அதாவது N-க்கு M. அப்படியானால் நடுவே மூன்றாவதாக ஒரு டேபிள் வேண்டும்: எந்த ஊர், எந்த மாவட்டம், எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதி வரை. எங்க ஊருக்கு அதில் ஐந்து வரிசை வரும். அவ்வளவுதான் செலவு. ஐந்து வரிசை.

"மாவட்டம் மாறினா ஒரு அப்டேட் போட்டா தீர்ந்ததுடா" என்பான் முதல் கட்சி நண்பன். போடு ராசா. போட்டால் எங்க அம்மா திடீரென்று 1970களிலேயே அரியலூர் மாவட்டத்தில் பிறந்தவர் ஆகிவிடுவார். கையில் இருக்கிற காகிதம் திருச்சி என்னும். மெஷினும் காகிதமும் முரண்பட்டால் இந்த நாட்டில் யார் அலைய வேண்டும் என்று உனக்கே தெரியும்.

இது எங்க ஊர் சாபம் என்று நினைக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2019இல் மட்டும் கள்ளக்குறிச்சி, தென்காசி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு என்று ஐந்து புது மாவட்டம். 2020இல் மயிலாடுதுறை. அந்தந்த ஊர்ப் பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். இன்னும் பத்து வருடத்தில் அவர்கள் எல்லாரும் விளக்கக் கடிதம் எழுத ஆரம்பிப்பார்கள். மாவட்டம் மாறினால் வட்டமும் மாறலாம்: எங்க பக்கம் உடையார்பாளையம் வட்டத்திலிருந்து ஆண்டிமடம் தனியாகப் போனது. சட்டமன்றத்தில் ஆண்டிமடம் என்று ஒரு தொகுதி இருந்தது, 2008 மறுசீரமைப்பில் அதுவே இல்லாமல் போனது.

தொகுதி என்றதும் இன்னொன்று. மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் அதற்குள் மக்களவைத் தொகுதி வரவேண்டும் என்று டிராப்-டவுன் செய்கிறார்களே, அவர்களுக்காக. பெரம்பலூர் மாவட்டத்தில் இரண்டே சட்டமன்றத் தொகுதி. அதில் பெரம்பலூர் தொகுதி பெரம்பலூர் மக்களவைத் தொகுதிக்குள். குன்னம் தொகுதி சிதம்பரம் மக்களவைத் தொகுதிக்குள். பெரம்பலூர் மக்களவைத் தொகுதியிலோ கரூர் மாவட்டத்துக் குளித்தலை வரை இருக்கிறது. அரியலூர், ஜெயங்கொண்டம் இரண்டும் சிதம்பரத்தோடு, அதாவது கடலூர் மாவட்டத்துக்காரர்களோடு சேர்ந்து ஓட்டுப் போடுகின்றன. மாவட்டத்துக்குள் தொகுதி, தொகுதிக்குள் ஊர் என்று டப்பாவுக்குள் டப்பா வைக்கிறவர்கள் இங்கே ஒரு நாள் வந்து வாக்காளர் பட்டியலைப் பார்க்க வேண்டும். பேப்பரில் நாலு கட்டம் போட்டு "ஒரு மாவட்டம் எத்தனை மக்களவைத் தொகுதியில் இருக்கலாம்?" என்று ஒரே ஒரு முறை கேட்டிருந்தால் அந்த டப்பா வந்திருக்காது.

இதற்கு நேர் எதிராக, கம்ப்யூட்டரே இல்லாமல் இந்த வேலையை ஒழுங்காகச் செய்கிற ஒரு இடம் எங்க ஊரிலேயே இருக்கிறது. கோவில். (நாங்கள் சர்ச்சைக் கோவில் என்றுதான் சொல்வோம்.)

கத்தோலிக்கப் பங்குகளில் ஞானஸ்நானத்துக்கு ஒரு பதிவேடு, கல்யாணத்துக்கு ஒன்று, இறப்புக்கு ஒன்று. மூன்று டேபிள். கல்யாணம் நடந்தால் கல்யாணப் பதிவேட்டில் எழுதினால் மட்டும் போதாது. அந்த ஆள் ஞானஸ்நானம் பெற்ற பங்கின் பதிவேட்டில், அவர் பெயர் இருக்கிற இடத்தில், ஓரக்குறிப்பாக இந்தக் கல்யாணத்தை எழுத வேண்டும். ஞானஸ்நானம் வரதராஜன்பேட்டை, கல்யாணம் சென்னை என்றால் சென்னைப் பங்கிலிருந்து இங்கே அறிவிப்பு வரவேண்டும். உறுதிப்பூசுதலும் அப்படியே, குருப்பட்டமும் அப்படியே. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் 535ஆம், 1122ஆம் சட்டங்கள் இதைத்தான் சொல்கின்றன. கல்யாணத்தை ஞானஸ்நானப் பதிவேட்டில் குறிக்கிற விதி 1907ஆம் ஆண்டின் "நே தெமேரே" ஆணையிலேயே இருக்கிறது. காட் தன் கட்டுரையை எழுதுவதற்கு 63 வருடம் முன்பு!

இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், கோட்டின் முனை அவர்களுக்குத் தெளிவாகத் தெரியும். ஒரு ஆளுக்கு ஒரே ஞானஸ்நானம், வாழ்நாளுக்கும் ஒன்றுதான். ஆகவே அதைத்தான் பிரைமரி கீ மாதிரி பிடித்துக்கொண்டார்கள், மற்றது எல்லாம் அதில் வந்து தொங்குகிறது. கல்யாணமோ, துணை இறந்து மறுமணம் என்றால் ஒன்றுக்கு மேல் வரலாம். ஆகவே அது ஓரக்குறிப்பு, இன்னொன்று எழுத இடம் இருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் புதிதாக எடுத்த ஞானஸ்நானச் சான்று கேட்பார்கள், ஓரக்குறிப்பு ஏதாவது ஏறியிருக்கிறதா என்று பார்க்க. மேலே மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. ஊரையே கூட்டி வைத்துக் கன்ஸ்ட்ரெய்ண்ட் செக் பண்ணுகிற சிஸ்டம் உலகத்தில் வேறு எது இருக்கிறது? மாவட்டம் எத்தனை முறை மாறினாலும் கும்பகோணம் மறைமாவட்டம் 1899இல் உருவானதிலிருந்து நாங்கள் அதில்தான். எங்க தாத்தாவின் பதிவைத் தேட யாருக்கும் விளக்கக் கடிதம் எழுத வேண்டியதில்லை. குறையே இல்லை என்று சொல்லவில்லை. அறிவிப்பு அனுப்ப மறந்துவிட்டால் கோடு அறுந்துதான் போகும். ஆனால் கோடு எங்கே போக வேண்டும் என்பதில் குழப்பம் கிடையாது.

இனி இரண்டாவது கட்சி. பட்டன் கட்சி.

ஒர்க்பெஞ்சோ, பி.எச்.பி. மை அட்மின் டிசைனரோ, எதுவாக இருந்தாலும் அது என்ன செய்கிறது? டேட்டாபேஸில் நீங்கள் ஃபாரின் கீ என்று அறிவித்து வைத்திருப்பதைப் படித்துக் கோடாகப் போடுகிறது. நீங்கள் அறிவிக்கவே இல்லை என்றால்? கோடே இல்லாத கட்டங்கள் அனாதையாக நிற்கும். இல்லாவிட்டால் சில டூல்கள் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதே என்று ஊகித்து ஒரு கோடு போடும். பெயர் ஒன்றாக இருந்தால் சொந்தக்காரர்கள் என்றால் எங்க ஊரில் எல்லா அந்தோணியும் அண்ணன் தம்பிதான்.

"நான் அறிவிச்சிருக்கேனே" என்கிறீர்களா? உறுதியாகத் தெரியுமா? மை எஸ்.க்யூ.எல்.லில் பழைய மை ஐ.எஸ்.ஏ.எம். எஞ்சினில் ஃபாரின் கீ எழுதினால் அது வாங்கி வைத்துக்கொண்டு, எந்த எரரும் சொல்லாமல், தூக்கிப் போட்டுவிடும். 2010இல் வந்த 5.5 பதிப்பில்தான் இன்னோ டி.பி. இயல்பு எஞ்சின் ஆனது. இன்னோ டி.பி.யிலும் காலத்துக்குப் பக்கத்திலேயே ரெஃபரென்சஸ் என்று எழுதினால் அதையும் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். இது 2024இல் வந்த 9.0 பதிப்பில்தான் சரியானது. எஸ்.க்யூ.லைட்டில் ஃபாரின் கீ சோதனை இயல்பாக அணைந்தே இருக்கும், ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் நாம்தான் போட வேண்டும். நம் கல்லூரி சர்வரில் ஓடுகிற எத்தனை புராஜெக்டில் இதைப் பார்த்திருப்போம்? நான் என் முதல் புராஜெக்டில் இல்லாத அட்டை எண்ணுக்கு நாற்பது ஆளைச் சேர்த்துவிட்டு, டேட்டாபேஸ் நல்ல பிள்ளையாகத் தலையாட்டியதைப் பார்த்து ஒரு நாள் முழுக்கப் பேய் அறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

டூல் தருவது எக்ஸ்ரே. எலும்பு எப்படி இருக்கிறது என்று காட்டும். எப்படி இருந்திருக்க வேண்டும் என்று காட்டாது. ஏற்கெனவே இருக்கிற சிஸ்டத்தைப் புரிந்துகொள்ள எக்ஸ்ரே வேண்டும், சண்டை இல்லை. வரதராஜன்பேட்டைக்கு ஒரே மாவட்டம் என்று நீங்கள் தப்பாக அறிவித்திருந்தால் டூல் அதே தப்பை அழகான வண்ணத்தில், நிழல் எல்லாம் வைத்து வரைந்து தரும். அதை கலர் பிரிண்ட் எடுத்து ரெக்கார்டில் ஒட்டினால் மார்க்கும் வரும்.

"முந்நூறு டேபிள் இருக்கிற சிஸ்டத்தைப் படமா வரைஞ்சா நூடுல்ஸ்தான் வரும், ஒருத்தனுக்கும் புரியாது" என்பது இன்னொரு வாதம். இது நியாயமான வாதம். கம்பெனியில் சேர்ந்த அண்ணன் ஒருவர் சுவர் அளவு பிரிண்ட் எடுத்து ஒட்டியிருக்கிறார்களாம், யாரும் பார்ப்பதில்லையாம். இதற்கும் பதில் வி.ஏ.ஓ. ஆபீஸில் இருக்கிறது. கிராம வரைபடம் என்று ஒன்று: ஊர் முழுக்க, எந்த சர்வே எண் எதற்குப் பக்கத்தில் என்று மட்டும். புல வரைபடம் என்று இன்னொன்று, எஃப்.எம்.பி. என்பார்கள்: ஒரு சர்வே எண்ணுக்கு ஒரு தாள், அதில் உட்பிரிவு, ஒவ்வொரு வரப்பின் அளவு, எல்லாம். ஊரின் அத்தனை வரப்பு அளவையும் ஒரே தாளில் எழுத எந்தச் சர்வேயரும் முயற்சி செய்ததில்லை. அப்புறம் நாம் மட்டும் ஏன் முந்நூறு டேபிளையும் அத்தனை காலத்தோடும் ஒரே தாளில் திணிக்கிறோம்? பெரிய படத்தில் கட்டமும் கோடும் மட்டும். சின்னப் படத்தில் ஐந்தாறு டேபிள், முனைகள் முழுசாக. டூலுக்கு இந்தப் பிரிவினை தெரியாது, எது எதோடு சேர்ந்தது என்பது வேலை தெரிந்த ஆளுக்குத்தான் தெரியும்.

வி.ஏ.ஓ. கணக்கில் இன்னொரு அழகு இருக்கிறது. அ-பதிவேடு சர்வே எண் வரிசையில் போகும்: இந்த நிலம், இவ்வளவு பரப்பு, இந்தப் பட்டா. சிட்டா பட்டா எண் வரிசையில் போகும்: இந்தப் பட்டா, இந்த ஆட்கள், இந்த இந்த நிலம். ஒரே கோட்டை இரண்டு முனையிலிருந்தும் படிக்கிறார்கள்! கம்ப்யூட்டரில் ஒரே டேபிளில் இரண்டு இண்டெக்ஸ் போட்டால் போதும், கையால் எழுதுகிற காலத்தில் இரண்டு புத்தகம் வேண்டியிருந்தது. ஆனால் கூட்டுப் பட்டாவில் வந்து இந்த ஏற்பாடு முட்டிக்கொள்ளும். பட்டாவில் அண்ணன் தம்பி நாலு பேர் பெயரும் இருக்கும், நாலு உட்பிரிவும் இருக்கும், யாருடையது எது என்று சொல்கிற கோடு மட்டும் இருக்காது. அந்த இல்லாத கோட்டுக்காகத்தான் எங்க பக்கத்தில் முந்திரிக் கொல்லை வரப்பில் மண்டை உடைகிறது. 1979இலிருந்து 1987 வரை நடந்த யூ.டி.ஆர். பதிவு மேம்பாட்டில் விட்டுப்போன பெயர்களைச் சேர்க்க இன்னும் மனு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதெல்லாம் சிலபஸில் இல்லையா என்றால், இருக்கிறது, அதுதான் கொடுமை. பீட்டர் சென் 1976இல் எழுதிய கட்டுரைதான் நாம் போடுகிற கட்டம், டைமண்ட் எல்லாவற்றுக்கும் மூலம். அவர் கோட்டின் பக்கத்தில் 1 என்றும் N என்றும் அக்கறையாக எழுதினார். நாம் டைமண்டை எடுத்துக்கொண்டு எண்ணை விட்டுவிட்டோம். கோர்த் புத்தகத்தில் வருகிற கார் இன்சூரன்ஸ் பயிற்சிக் கணக்கு, ஒரு வாடிக்கையாளர், அவருக்குப் பல கார், ஒவ்வொரு காருக்கும் பல விபத்து, இதை 13 மார்க்குக்குத் தூக்கத்தில் வரைகிற என் வகுப்புத் தோழர்கள் யாரிடமாவது அவரவர் வீட்டு ரேஷன் அட்டையை வரையச் சொல்லிப் பாருங்கள். கல்யாணமாகிப் போன அக்கா பழைய அட்டையிலும் இல்லை, புது அட்டையிலும் இன்னும் ஏறவில்லை என்றால் அந்தக் கோட்டின் முனையில் வட்டமா, குறுக்குக் கோடா? நான் ஆறு பேரிடம் கேட்டேன். நாலு பேர் "சிலபஸில் இல்லை" என்றார்கள். ஒருத்தன் வட்டம் என்றான். ஒருத்தி "அக்கா எங்க சாப்பிடுவாங்க?" என்று திருப்பிக் கேட்டாள். அவளுக்குத்தான் டேட்டாபேஸ் வரும் என்று நினைக்கிறேன்.

இந்த செமஸ்டர் எங்கள் டீம் (அவளும் டீமில் உண்டு) முந்திரிக் கொல்லைக் குத்தகை என்று எடுத்திருக்கிறோம். இன்னும் ஒரு டேபிள் கூட உருவாக்கவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஏழு கட்டம், ஒன்பது கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் கீழே நாலு வரி தமிழில் எழுதியிருக்கிறோம். எட்டுக் கோடு முடிந்தது. ஒன்பதாவது, மரத்துக்கும் கொல்லைக்கும் நடுவே போகிறது: ஒரு மரம் எத்தனை கொல்லையில் இருக்கலாம்? 1 என்று போட்டுவிட்டு அப்பாவிடம் காட்டினேன். "வரப்பு மேல நிக்கிற மரத்தை என்ன பண்ணுவ?" என்றார். அழித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம்.